மணி மாற்றிய ஞாயிறு

கமெராவுக்குத் தலையாட்டப் பழக்கியவள் வினோஜா. நானில்லை. பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு, அதை யாரிடமும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் அவளுடையது.

வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் நான் ஒரு இன்ரர்நெற் கடை வைத்திருந்தேன். நான்கு கொம்பியூட்டர், வெளிநாட்டுக்குக் கதைக்க இரண்டு கண்ணாடிப் பெட்டி, அடிக்கடி தாளைச் சப்பித் துப்பும் ஒரு போட்டோக்கொப்பி மெசின். பக்கத்துப் புடவைக்கடை என் வீட்டுக்காரருடையது. ஸஹீலாவின் கடை என்றால் பெண்பிள்ளைகள் பயமில்லாமல் வருவார்கள். ஸஹீலாவின் வாய்க்குப் பயந்து ஆண்பிள்ளைகள் ஒழுங்காக இருப்பார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதிலும் பொய்யில்லை.

அது சமாதான காலம். ஓமந்தைப் பாதை திறந்து, வன்னிக்குள்ளிருந்து சனம் வந்து போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பூவரசங்குளத்திலிருந்து கமலாசனி என்றொரு அம்மா, தன் மகளுக்குப் பேசியிருந்த சுவிஸ் மாப்பிள்ளையின் படங்களோடு வந்தார். மூன்று படம். மூன்றிலும் மாப்பிள்ளை கதிரையில் இருந்தார்.

“எழும்பி நிண்டு ஒரு படம் எடுக்க அவருக்கு என்ன வருத்தம்? காலில ஏதும் குறையோ எண்டு எனக்கு யோசினையாக் கிடக்கு பிள்ளை,” என்றார்.

மாப்பிள்ளை இருந்த ஊரின் பெயரை நெற்றில் தேடினோம். மலைக்கு நடுவில் ஒரு சின்னப் பட்டணம். அந்த ஊர்ச் சபை, உல்லாசப் பயணிகளை இழுப்பதற்காகச் சந்தைச் சதுக்கத்தில் ஒரு கமெராவைப் பூட்டி வைத்திருந்தது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து அம்புக்குறியை அமத்தினால் கமெரா அந்தப் பக்கம் திரும்பும். ஆளுக்கு இரண்டு நிமிடம். முடிந்ததும் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். படம் ஐந்தாறு செக்கனுக்கு ஒருமுறைதான் மாறும்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, சதுக்கத்து நீர்த்தொட்டியிலிருந்து சேர்ச் வாசல் வரை நடந்து காட்டச் சொன்னோம். பாவம், ஏனென்று கேட்காமல் நடந்தார். படம் விட்டு விட்டு மாறியதில் நடை தெரியவில்லை, ஆள் இடம் மாறியது மட்டும் தெரிந்தது. கமலாசனி அம்மா திரும்ப நடக்கச் சொன்னார். நாலாவது தரம்தான் கால் இரண்டும் சரியென்று ஒத்துக்கொண்டார். கலியாணமும் நடந்தது.

அன்று கமலாசனி அம்மாவுக்குப் பின்னால் பேசாமல் நின்ற பெண்தான் வினோஜா. அவருடைய அண்ணன் மகள், மல்லாவிக்காரி. அவளுடைய புருஷன் சிவகரன் அந்த மாப்பிள்ளையோடு ஒரே அறையில் இருந்தான். கலியாணம் கட்டி நாலாம் மாதம் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பிப் போனவன். வயல் செய்துகொண்டிருந்த பொடியன். அவள் அவனைக் கண்டு ஒன்றரை வருடமாகியிருந்தது.

“ராத்தா, எனக்கும் ஒருக்கா அவரைக் காட்டுவீங்களோ?” என்று கேட்டாள். எங்கள் ஆட்களில் அக்காவை ராத்தா என்று கூப்பிடுவோமென்று யாரோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கே நான் விழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை மல்லாவியிலிருந்து பஸ் ஏறி வந்து, பூவரசங்குளத்தில் மாமி வீட்டில் தங்குவாள். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு என் கடையில் இருப்பாள். அங்கே அப்போது காலை பத்தரை. சிவகரன் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான், பதினொரு மணிக்கு வேலை. அதற்கு முதல் நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். போன் கிடைத்தால் கதைப்பார்கள். எப்படியும் லைன் இடையில் அறுந்துவிடும். அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, கம்பத்து உச்சியில் இருக்கிற கமெராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பான். தேங்காய் அளவில் ஒரு வெள்ளை உருண்டை என்று சொல்லியிருந்தான். அது திரும்புவது கீழே நிற்பவனுக்குத் தெரியும்.

ஒருநாள் லைன் அறுந்த பிறகு அவன் கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாயா என்பது போல் காட்டினான். வினோஜா மேல் அம்பை அமத்தி, கீழ் அம்பை அமத்தி, திரும்பவும் மேல், திரும்பவும் கீழ் என்றாள். கமெரா தலையாட்டியது. அடுத்த படத்தில் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். அன்றிலிருந்து அதுவே அவர்களுடைய கதை. மேலும் கீழுமாக இரண்டு தரம் என்றால் ஓம். இடமும் வலமுமாக என்றால் இல்லை. லைன் இருக்கும்போதுகூடச் சில நாட்களில் போனை வைத்துவிட்டு இப்படித்தான் கதைத்தார்கள். இரண்டும் லூசுகள் என்று நான் ஏசியிருக்கிறேன். உள்ளுக்குள் பொறாமையாகவும் இருக்கும். என் வீட்டுக்காரர் பக்கத்துக் கடையிலிருந்து ஒருநாளாவது எனக்குத் தலையாட்டியதில்லை.

அவளிடம் ஒரு குறை இருந்தது. முறை வந்தவுடன் முதலில் கீழ் அம்பைத்தான் அமத்துவாள். கமெரா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகுதான் மெல்ல மெல்ல அவனுடைய முகத்துக்கு ஏறும்.

“இது மேல் அம்பு, இது கீழ் அம்பு. நெல்லையும் கோரையையும் பிரிக்கத் தெரியுது, இது தெரியேல்லையோடி உனக்கு? ரண்டு நிமிசத்தில அரை நிமிசம் கல்லையும் மண்ணையும் பாக்கிறாய்!”

“கை பழகேல்லை ராத்தா,” என்று சிரிப்பாள். நாலு வருடமாகியும் அவளுக்குக் கை பழகவேயில்லை.

நேரத்தில் மட்டும் அவளிடம் ஒரு பிழை பிடிக்க முடியாது. அந்த ஊர்க்காரர் வருடத்தில் இரண்டு முறை மணிக்கூட்டை மாற்றுவார்கள். எங்கள் பங்குனி, அவர்களுடைய மார்ச்சுக் கடைசி ஞாயிறு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு, ஐப்பசிக் கடைசி ஞாயிறு பின்னுக்கு. பங்குனியில் மாற்றினால் சிவகரன் நிற்கும் நேரம் எங்களுக்கு இரண்டு மணியாகிவிடும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. வீட்டில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்த என்னை, கடை வாசலில் நின்றுகொண்டு ஆள் அனுப்பிக் கூப்பிட்டவள் அவள்தான். “இண்டைக்கு மணி மாத்துற நாள் ராத்தா” என்றாள். இடையில் எங்கள் அரசாங்கமும் ஒருமுறை மணிக்கூட்டை மாற்றியது. அப்போதும் அவள் பிந்தவில்லை.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. இயக்கத்தின் பாஸ் இல்லாமல் வன்னியிலிருந்து வர முடியாது. மாதம் ஒருமுறை என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறையானது. கடைசியாக அவள் வந்தது இரண்டாயிரத்து எட்டு வைகாசியில்.

“இனிப் போகாதை. மாமி வீட்டிலயே நில்லு,” என்று அவளுடைய கையைப் பிடித்துச் சொன்னேன்.

“அப்பாவைப் பிணை வைச்சிட்டு வந்தனான் ராத்தா. திங்கட்கிழமை நான் போய்ச் சேராட்டி அவரைத்தான் பிடிச்சு விசாரிப்பினம்.” கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அன்றும் முதலில் நிலத்தைப் பார்த்தாள், பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்தாள், தலையாட்டினாள், போனாள்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில் மல்லாவி முழுவதும் இடம்பெயர்ந்துவிட்டது என்றார்கள். அந்தப் பக்கத்துப் போன்களெல்லாம் செத்துப்போயின. சிவகரன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கடைக்குப் போன் எடுத்தான்.

“வந்தவவோ அக்கா?”

“இல்லைத் தம்பி.”

ஐந்து மாதம் இதே இரண்டு வரி. எனக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. அது என் பழைய நோய். தொண்ணூறாம் ஆண்டு முல்லைத்தீவிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் இயக்கம் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு வந்தவர்கள் நாங்கள். உம்மா ஒவ்வொரு நாளும் கேட்பா, எங்கட வீடு அப்படியே இருக்குதாமோ என்று. கூரையைக் கழற்றி ஆறு மாதம் என்று எனக்குத் தெரியும். இருக்குதாம் உம்மா என்பேன். வீடு இருக்கிறது என்ற நினைப்போடு நிம்மதியாகக் கண்ணை மூடினா. அதனால் பொய்யென்பது வேளைக்கு ஒன்றாகக் குடுக்கும் மருந்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், கிளிநொச்சியும் ஆமியிடம் போன பிறகு ஒரு ஞாயிறு. கடையில் ஆளில்லை. அவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்கத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன், வேறொரு எண்ணமும் இல்லை. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற எவனோ மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் முறை வந்தது. நான் நேராக நீர்த்தொட்டிக்குத் திருப்பினேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிவகரன் குடையில்லாமல் நின்றான். கமெரா தன் பக்கம் திரும்புவதைக் கண்டு நிமிர்ந்தான். அடுத்த படத்தில் அவன் முகம் முழுவதும் தெரிந்தது. அவனுடைய வாய் என்ன கேட்டதென்று எந்தக் குழந்தைக்கும் விளங்கும். நீதானோ?

மேல். கீழ். மேல். கீழ். என் விரல்தான் அமத்தியது.

கமெராவை விடுவதற்குள் போன் அடித்தது. “வந்திட்டாவோ அக்கா? போனைக் குடுங்கோ, ஒருக்காக் குடுங்கோ!” அவன் குழறிக் குழறி அழுதான்.

“இப்பத்தான் தம்பி போறா. காம்பில வைச்சிருக்கினம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்த இடத்தில ஒளிச்சு ஓடிவந்தவ. போனில கதைச்சால் பிடிச்சுப்போடுவினமாம். கமெரா மட்டும்தான்.” இவ்வளவும் ஒரே மூச்சில் என் வாயிலிருந்து வந்தது. என்ன வாய் இது என்று எனக்கே வெறுத்தது.

“செஞ்சிலுவைச் சங்கத்தில பேர் குடுக்க இருந்தனான் அக்கா. இனித் தேவையில்லை,” என்றான்.

அந்த வரிக்கு நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் மூன்று மணிக்குக் கடையின் முன்கதவைப் பாதி சாத்திவிட்டு நான் வினோஜாவானேன். நேரே முகத்துக்குத் திருப்புவேன். அவன் கேட்பான், நான் தலையாட்டுவேன். அவளுடைய அப்பா சுகமோ? ஓம். சாப்பாடு ஒழுங்காக் கிடைக்குதோ? ஓம். மெலிஞ்சு போனியோ? இல்லை. பிறகு கையைக் கழுவுவேன். மவுஸ் பிடித்த கையை ஏன் கழுவினேன் என்று இப்போதும் தெரியாது.

பங்குனி இருபத்தொன்பதாம் திகதி ஒரு மோசம் போனேன். மூன்று மணிக்குத் திறந்து பார்த்தால் நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் அவன் இல்லை. இரண்டு தரம் வரிசையில் நின்று சதுக்கம் முழுக்கத் தேடினேன். ஒரு கிழவி புறாவுக்குப் பாண் போட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். மணி மாற்றிய ஞாயிறு! அவன் இரண்டு மணிக்கே வந்து, ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பான்.

அந்தக் கிழமை முழுக்க ஒரு சாட்டு யோசித்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் பிந்திப்போய்விட்டது என்று சொல்லலாம். அடுத்த ஞாயிறு இரண்டு மணிக்குத் தலையாட்டி முடிய அவன் போன் எடுத்தான். குறை சொல்லுவான் என்று பார்த்தால், அப்படியொரு சந்தோஷம் குரலில். “இனி எனக்குப் பயமில்லை அக்கா. இனி எத்தினை மாசம் எண்டாலும் நிப்பன்,” என்றான். ஏனென்று நான் கேட்கவில்லை. தப்பினேன் என்றிருந்தது.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. சனமெல்லாம் செட்டிகுளத்து முகாம்களுக்குள் வந்து சேர்ந்தது. வந்தவர்களில் வினோஜா இருப்பாள், இந்தா கடைக்குள் வந்து நிற்பாள், கீழ் அம்பை அமத்துவாள், என் பொய் மெய்யாகிவிடும் என்று நான் ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆக் கேட்டேன். வாசலில் நிழல் விழுந்தாலே எழும்பிப் போய்ப் பார்த்தேன். அந்த மூன்று மாதம் நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

வாசலில் வந்தவர் அவளுடைய அப்பா. ஆவணிக் கடைசி ஞாயிறு, மத்தியானம் ஒரு மணி இருக்கும். பொல்லூன்றிய, தாடி வளர்ந்த மனிதர்.

“நீங்கள்தானோ ஸஹீலாப் பிள்ளை? நான் கதிர்காமநாதன். வினோஜான்ர தகப்பன்.” வயது போனவர்களை முகாமிலிருந்து விடத் தொடங்கியிருந்தார்கள். பூவரசங்குளத்தில் தங்கச்சி கமலாசனியோடு இருப்பதாகச் சொன்னார். கதிரையைப் போட்டேன். இருக்கவில்லை.

“மாசி பத்தாம் திகதி பிள்ளை போயிட்டாள். தேவிபுரத்தில. ஷெல் விழுந்தது. நான்தான் கிடங்கு வெட்டினனான், நான்தான் மண் போட்டனான்.” ஏற்கெனவே பலருக்குச் சொல்லிச் சொல்லி வழவழப்பான சொற்கள். “மருமேனுக்குப் போனில சொன்னன். அவர் நம்பேல்லை. எனக்கு வயசு போய் மாறாட்டமாம். பிள்ளை ஞாயிறு ஞாயிறா உங்கட கடைக்கு வாறாவாம், கமெராவில தன்னைப் பாக்கிறாவாம்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். கடைக்குள் கண்ணை ஓட விட்டார், கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ளும் பார்த்தார்.

“மண் போட்ட கை இதுதான். எண்டாலும் பிள்ளை, அந்த அவதிக்குள்ள ஆரை எவரெண்டு கண்டன்? வாறது ஆரெண்டு எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ.”

அல்லாஹ்வே! என்னை அந்த இடத்திலேயே பூமி விழுங்கியிருக்கக் கூடாதா? அந்த மனிதர் தன் கையால் புதைத்த மகளை என் கடையில் தேடிக்கொண்டு வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தை மாதத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். பொல்லை மடியில் வைத்துத் தடவினார்.

“அந்தியேட்டியும் செய்யேல்லை, ஒண்டும் செய்யேல்லை,” என்றார். “புருஷன் ஒரு பிடி எள்ளும் தண்ணியும் விடவேணும். செத்துப்போனாள் எண்டு அவர் ஒப்புக்கொண்டால்தானே விடுவார்? அதுவரைக்கும் என்ர பிள்ளை போக இடமில்லாமல் நிக்கிறாள். நீங்கள் கட்டின முடிச்சு. நீங்களே அவிட்டு விடுங்கோ.”

சுவர் மணிக்கூட்டில் இரண்டு. பக்கத்தைத் திறந்து வரிசையில் நின்றேன். நீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், தூரத்தில், நீலச் சட்டை தெரிந்தது. அவனுடைய கைபேசிக்கு நானே போன் எடுத்தேன். மாமா பக்கத்தில் இருக்கிறார் என்றேன். அவன் முதல் வரியிலேயே பாய்ந்தான்.

“அவருக்கு விசர் அக்கா. நீங்கள் அவவைக் கூப்பிடுங்கோ. கமெராவைத் திருப்பச் சொல்லுங்கோ.”

“அவ இல்லைத் தம்பி. இஞ்ச ஒருநாளும் வரேல்லை. போன வருசம் வைகாசிக்குப் பிறகு வரவேயில்லை. தை மாசத்தில இருந்து கமெராவைத் திருப்பினது நான். தலையாட்டினதும் நான்தான். உங்கட முகத்தைப் பாக்க ஏலாமல் செய்தனான். எனக்கு மன்னிப்பே வேண்டாம். ஆனா மாமா சொல்லுறது உண்மை.”

என் முறை வந்தது. முகத்துக்குத் திருப்பினேன். அவன் காதில் போனோடு கமெராவையே பார்த்துக்கொண்டு நின்றான். இடது அம்பு. வலது அம்பு. இடது. வலது. கமெரா இல்லை என்றது.

படம் மாறியது. அவன் அசையவில்லை. திரும்ப மாறியது. அசையவில்லை. போனில் அந்த ஊரின் சேர்ச் மணியோ ஏதோ கேட்டது.

“முதல் நாள் அழுகை அடங்க, தை மாசமே எனக்குச் சந்தேகம் வந்திட்டுது,” என்றான். குரலில் கோபமில்லை. “நீங்கள் காலைப் பாக்கிறேல்லை.”

“என்ன தம்பி?”

“அவ முதல்ல காலைத்தான் பாப்பா. வந்த முதல் பனிக்கு நான் செருப்போட திரிஞ்சு ரண்டு விரல் கறுத்துப்போச்சு. காசை மிச்சம் பிடிச்சு அனுப்பிறதுக்காகச் சப்பாத்து வாங்கேல்லை. பிறகு வாங்கினனான் எண்டு பொய் சொன்னனான், அவ நம்பேல்லை. அதுக்குப் பிறகு எப்பவும் காலைப் பாத்திட்டுத்தான் முகத்துக்கு வருவா. அது எங்க ரண்டு பேருக்கும்தான் தெரியும்.”

நாலு வருடம் கை பழகாதவள். நான் அவளை எவ்வளவு ஏசியிருப்பேன்.

“தையில பாக்கேல்லை. மாசியில பாக்கேல்லை. ஏதோ பிழை, அவவா இருக்காது எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். பங்குனிக் கடைசியில, மணி மாத்தின ஞாயிறு, சப்பாத்து நனைஞ்சுபோய்ச் செருப்போட வந்து நிண்டனான். கமெரா வந்து காலில நிண்டுது அக்கா. விலகவேயில்லை. கன நேரம். பிறகு மெல்ல முகத்துக்கு ஏறி ரண்டு தரம் தலையாட்டிச்சுது. அண்டைக்குத்தான் நம்பினனான். அண்டைக்குப் பிறகு ஆர் என்ன சொன்னாலும் நான் நம்பேல்லை.”

அன்று இரண்டு மணிக்கு நான் வீட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

“அதுவும் நீங்களோ அக்கா? வாயால சொல்ல வேண்டாம். உங்கட வாயை எனக்கு நம்பேலாது. கமெராவால சொல்லுங்கோ.”

திரையின் மூலையில் செக்கன்கள் குறைந்துகொண்டிருந்தன. முப்பத்தெட்டு. முப்பத்தேழு. இல்லை என்றால் அதுதான் உண்மை. இல்லை என்றால் அந்தப் பொடியன் சாகுமட்டும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பான், அவள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று. கதிர்காமநாதன் ஐயா போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கண் என் விரலில் இருந்தது.

மேல். கீழ். மேல். கீழ்.

அவன் நீர்த்தொட்டி விளிம்பில் இருந்துவிட்டான். அடுத்த படத்தில் குனிந்து தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கடுத்த படத்தில் மலை வந்தது. எங்கள் நேரம் முடிந்து வேறு யாரோ கமெராவை எடுத்துவிட்டார்கள்.

“மாமாட்டைக் குடுங்கோ,” என்றான் போனில்.

கொடுத்தேன். “ஓம் தம்பி,” “ஓம் ராசா,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எள்ளு என்ற சொல் கேட்டது. ஐயரைப் பிடிக்கலாம் என்பது கேட்டது. பிறகு அவர் போனை மெதுவாக வைத்தார்.

“பிள்ளை,” என்றார். “செருப்பைக் கண்டனீங்களோ?”

நான் அவருக்கு முன்னால் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். “அண்டைக்கு மணி மாறினதை மறந்துபோனன் ஐயா. நான் வந்து திறக்க மூண்டு மணி. ஒரு மணித்தியாலம் பிந்திப்போனன்.”

அவர் கொம்பியூட்டரில் தெரிந்த மலையைப் பார்த்தார். பொல்லை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“அவள் சின்னனில இருந்தே பிந்தமாட்டாள்,” என்றார்.